டீசல் சரக்குந்துகளில் எரிபொருள் அழுத்தமும் எண்ணெய் அழுத்தமும்

டீசல் சரக்குந்துகளில் எரிபொருள் அழுத்தம் என்பது டீசலைப் பொறியின் உருளைக்குள் நுண்துளிகளாகச் செலுத்தத் தேவைப்படும் அழுத்தம் ஆகும். எண்ணெய் அழுத்தம் என்பது பொறியின் அசையும் பாகங்களுக்கு இடையே மசகு எண்ணெயைக் கொண்டு சேர்க்கும் அழுத்தம் ஆகும். முன்னது பொறியின் திறன், எரிபொருள் செலவு, புகை ஆகியவற்றைத் தீர்மானிக்கிறது. பின்னது பொறியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு மீட்டமைப்பதே சரிசெய்தல் எனப்படும். அவ்வளவுக்கு மேல் உயர்த்தினால் வண்டி சிறப்பாக இழுக்கும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஆனால் பெரும்பாலான நேரங்களில் அது எரிபொருள் விரயத்திலும் பொறிச் சேதத்திலுமே முடிகிறது.

வரலாறு

செருமனியைச் சேர்ந்த ருடோல்ப் டீசல் தமது பொறியை 1897இல் ஆகுஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். அதில் எரிபொருள், அழுத்தப்பட்ட காற்றின் உதவியால் உருளைக்குள் செலுத்தப்பட்டது. இதற்குத் தேவைப்பட்ட காற்றழுத்தி பெரியதாகவும் எடை மிக்கதாகவும் இருந்ததால் இம்முறை சாலை ஊர்திகளுக்குப் பொருந்தவில்லை. 1927இல் ராபர்ட் போஷ் நிறுவனம் உட்செலுத்து எக்கிகளைத் தொடர் உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் சரக்குந்துகள் பரவலாயின.

இந்தியாவில் 1951இல் நிறுவப்பட்ட மைகோ நிறுவனம் பெங்களூரில் இவ்வகை எக்கிகளையும் உட்செலுத்திகளையும் தயாரித்தது. இந்நிறுவனம் 2008இல் போஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. டெல்கோ நிறுவனம் 1954இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் இணைந்து சரக்குந்துகள் தயாரிக்கத் தொடங்கியது. இவ்வண்டிகளின் எந்திரமுறை எக்கிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் நகரங்களில் பெருகின. உட்செலுத்தியின் முனையைப் பட்டறைகளில் 'நாசில்' என்றும், எக்கியைப் 'பம்ப்' என்றும் வழங்குவர்.

எரிபொருள் அழுத்தத்தின் நிலைகள்

எந்திரமுறை எக்கி கொண்ட பொறியில் எரிபொருள் அழுத்தம் இரு நிலைகளில் அமைகிறது.

தாழ் அழுத்த நிலை: ஊட்ட எக்கி, கலத்திலிருந்து டீசலை உறிஞ்சி வடிகட்டி வழியாக உட்செலுத்து எக்கிக்கு அனுப்புகிறது. இங்கு அழுத்தம் சுமார் 1 முதல் 2 பார் வரை இருக்கும். வடிகட்டி அடைத்துக் கொண்டாலோ, குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலோ இவ்வழுத்தம் குறைந்து வண்டி இழுவை இழக்கும்.

உயர் அழுத்த நிலை: உட்செலுத்து எக்கி டீசலை நாசிலுக்குத் தள்ளுகிறது. நாசிலின் ஊசி, சுருள்வில் ஒன்றால் அழுத்தி மூடப்பட்டிருக்கும். எரிபொருளின் அழுத்தம் அச்சுருள்வில்லின் விசையை வெல்லும்போது ஊசி உயர்ந்து டீசல் பீய்ச்சப்படுகிறது. இதுவே நாசில் திறப்பு அழுத்தம் ஆகும். பழைய சரக்குந்துகள் பலவற்றில் இது சுமார் 175 முதல் 260 பார் வரை அமையும். சரியான அளவு பொறிக்குப் பொறி வேறுபடும்.

நாசில் அழுத்தத்தைச் சரிசெய்தல்

நாள்பட்ட பயன்பாட்டில் சுருள்வில் தளர்வதால் திறப்பு அழுத்தம் குறைகிறது. அப்போது துளிகள் பெரிதாகி, முழுமையாக எரியாமல் புகை கூடும். நாசிலைக் கழற்றிக் கைநெம்புகோல் கொண்ட சோதனைக் கருவியில் பொருத்தி, திறப்பு அழுத்தம், பீய்ச்சும் வடிவம், சொட்டுதல் ஆகியன பார்க்கப்படும். சுருள்வில்லின் மேல் தகுந்த தடிப்புள்ள மெல்லிய தகடு வைத்தோ, திருகாணியைத் திருப்பியோ அழுத்தம் மீட்டமைக்கப்படும். அனைத்து உருளைகளின் நாசில்களும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும். இல்லையெனில் பொறி சீரின்றி அதிரும்.

அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் நாசில் தாமதமாகத் திறக்கும். எக்கியின் பாகங்களும் விரைவில் தேயும். சோதனையின்போது பீய்ச்சப்படும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்ல வல்லது. வெளியே சிறு புள்ளியாக மட்டுமே தெரிந்தாலும் இது உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும் காயம் ஆகும். எனவே நாசிலின் முன் கையை நீட்டலாகாது.

எரிபொருள் அளவைக் கூட்டுதல்

உட்செலுத்து எக்கியில் முழுச்சுமை எரிபொருள் அளவை வரையறுக்கும் திருகாணி ஒன்று உண்டு. சோதனை மேடையில் அளவிட்ட பின் இது முத்திரையிடப்படும். இழுவை கூட வேண்டி முத்திரையை உடைத்து இதனைத் திருப்புவது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம்.

ஒரு கிலோகிராம் டீசல் முழுமையாக எரியச் சுமார் 14.5 கிலோகிராம் காற்று தேவை. உருளைக்குள் நுழையும் காற்றின் அளவு மாறாதபோது எரிபொருளை மட்டும் கூட்டினால் திறன் சிறிதளவே உயரும். எஞ்சிய எரிபொருள் கரும்புகையாக வெளியேறும். வெளியேறும் வளிமத்தின் வெப்பநிலை உயர்ந்து, நீண்ட ஏற்றங்களில் பிஸ்டனின் தலைப்பகுதியும் சுழலூதியும் சேதமடையக்கூடும். சரக்குந்தின் இயக்கச் செலவில் பெரும்பங்கு டீசலுக்கே செல்வதால் இவ்விழப்பு உரிமையாளரையே சாரும்.

இழுவை குறைந்த வண்டியில் காற்று வடிகட்டி, எரிபொருள் வடிகட்டி, உட்செலுத்தும் நேரம் ஆகியவற்றை முதலில் சோதிப்பதே முறையாகும். அணுபுரம், கல்பாக்கம், மாமல்லபுரம் போன்ற ஈரப்பதம் மிக்க கடற்கரைப் பகுதிகளில், பாதி காலியான எரிபொருள் கலத்துக்குள் நீராவி குளிர்ந்து நீராகப் படியும். இந்நீர் எக்கியையும் நாசிலையும் அரிக்கும். ஆதலால் நீர் பிரிப்பானை அவ்வப்போது திறந்து வடித்தல் வேண்டும்.

எண்ணெய் அழுத்தம்

எண்ணெய் எக்கி, அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து வடிகட்டி வழியாகக் கிராங்க் தண்டின் தாங்கிகளுக்கு அனுப்புகிறது. பல சரக்குந்துப் பொறிகளில் சூடான நிலையில், வெறுமனே ஓடும்போது சுமார் 1 பார், இயல்பு வேகத்தில் 3 முதல் 5 பார் வரை அழுத்தம் காணப்படும். அழுத்தம் மிகுந்தால் விடுவிப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும்.

அழுத்தம் குறைந்து காட்டும்போது விடுவிப்பு வால்வின் சுருள்வில்லுக்கு அடியில் வாசர் வைத்து இறுக்குவது ஒரு தவறான பழக்கம் ஆகும். தாங்கிகள் தேய்ந்த பொறியில் எண்ணெய் அகன்ற இடைவெளி வழியே வழிந்துவிடுகிறது. குறைந்த வேகத்தில் வால்வு ஏற்கனவே மூடியே இருப்பதால் அதனை இறுக்குவது எப்பயனும் தராது. உயர் வேகத்திலோ அழுத்தம் அளவு மீறி வடிகட்டியின் அடைப்பு வளையம் பிதுங்கக்கூடும். எண்ணெய் அழுத்தத்தை உயர்த்துவதால் பொறியின் திறனும் கூடாது. மாறாக எக்கியைச் சுழற்றவே கூடுதல் திறன் செலவாகும்.

இரண்டிற்கும் உள்ள தொடர்பு

சொட்டும் நாசில், கிழிந்த ஊட்ட எக்கிச் சவ்வு, அளவு மீறிய எரிபொருள் ஆகியவற்றால் எரியாத டீசல் அடித்தொட்டியில் கலக்கலாம். அப்போது எண்ணெய் நீர்த்து அழுத்தம் குறைகிறது. அளவுகோலில் எண்ணெய் மட்டம் தானாக உயர்வதும் டீசல் வாடையும் இதன் அறிகுறிகள் ஆகும். இந்நிலையில் எண்ணெயை மட்டும் மாற்றுவது போதாது. டீசல் கசியும் இடத்தைக் கண்டறிதல் வேண்டும்.

எண்ணெய் அழுத்தமே எரிபொருள் அழுத்தத்தை உருவாக்கும் வகை ஒன்றும் உண்டு. 1994இல் அமெரிக்காவில் போர்டு வண்டிகளில் அறிமுகமான நேவிஸ்டாரின் 7.3 லிட்டர் பொறியில், தனி எக்கி ஒன்று எண்ணெயை உயர் அழுத்தத்தில் உட்செலுத்திக்கு அனுப்பும். அங்குள்ள பெரிய பிஸ்டன் அவ்வழுத்தத்தைச் சுமார் ஏழு மடங்காக்கி டீசலைப் பீய்ச்சும். இத்தகைய பொறிகளில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் வண்டி கிளம்பவே கிளம்பாது.

மின்னணுக் கட்டுப்பாடு

1995இல் சப்பானில் டென்சோ நிறுவனத்தின் பொதுத்தண்டு முறை ஹீனோ சரக்குந்தில் பயன்படுத்தப்பட்டது. காமன் ரெயில் எனப்படும் இம்முறையில் டீசல் ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கப்படுகிறது. இன்றைய பொறிகளில் இவ்வழுத்தம் 1,600 பாருக்கும் மேல் செல்கிறது. உணரிகளின் தரவைக் கொண்டு மின்னணுக் கட்டுப்பாட்டகம் அழுத்தத்தை நொடிக்கு நொடி மாற்றுவதால், பட்டறையில் திருப்பத்தக்க திருகாணி எதுவும் இதில் இல்லை. கட்டுப்பாட்டகத்தின் நிரலை மாற்றி எரிபொருளைக் கூட்டினால் புகைத்துகள் வடிகட்டி விரைவில் அடைபடும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் டீசல் ஊர்திகளின் புகைக்கு வரம்பு விதிக்கின்றன. பாரத் நிலை 4க்கு முந்தைய ஊர்திகளுக்கு இது 65 ஆர்ட்ரிட்ஜ் அலகு. பாரத் நிலை 4 ஊர்திகளுக்கு 50 அலகு. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பாரத் நிலை 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. இதற்கான டீசலில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கைத் தாண்டலாகாது.