தேர்ந்த சிறுபடை: மேசைப் போர்விளையாட்டிலும் வரலாற்றிலும்

படையின் வலிமை அதன் தொகையிற் தங்கியுள்ளதா, தரத்திற் தங்கியுள்ளதா என்னும் வினா மிகப் பழையது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் இவ்வினாவுக்குத் தரத்தின் பக்கம் நின்றே விடை கூறுகின்றது. அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், படையை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகைப்படுத்தி, வழிவழியாக வந்த மூலப்படைக்கே சிறப்புக் கொடுத்தார். தேர்ந்த சிலர் தேராத பலரினும் மேலானவர் என்பதை நாமும் எளிதில் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின், எத்துணைச் சிலர் எத்துணைப் பலரினும் மேலானவர் என்று வினவின், நம்முட் பலர் வாளாவிருப்போம். அவ்வினாவுக்கு எண்ணாற் கணக்கிட்டு விடை கூறியே தீரவேண்டிய இடம் ஒன்றுண்டு. அதுவே மேசைமீது சிற்றுருவப் போர்வீரரை நிறுத்தி ஆடப்படும் போர்விளையாட்டாகும். அவ்விளையாட்டில் தேர்ந்த சிறுபடையொன்றை அமைக்கும் முறையையும், அதனை வரலாறு எவ்வாறு உரைத்துப் பார்க்கின்றது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

இவ்விளையாட்டின் வேர் நமக்கு அயலானதன்று. நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய இந்தியச் சதுரங்கம் பாரசீகர், அராபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. 1780ஆம் ஆண்டிற் பிறன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் என்னும் ஆசிரியர் அச்சதுரங்கத்தையே விரித்து, மலையும் ஆறும் குறித்த பெரும் பலகையொன்றில் போர்விளையாட்டை அமைத்தார். 1812இல் பிரஷ்யாவைச் சேர்ந்த றைஸ்விற்ஸ் என்பார், நிலத்தோற்றத்தை உருவாக்கிக் காட்டும் துண்டுகள் கொண்ட மேசையொன்றை அந்நாட்டரசன் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு அளித்தார். அவர்தம் மைந்தர், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் அதனைத் திருத்தி விதிநூல் வெளியிட்டார். சதுரக் கட்டங்கள் நீங்கின. உண்மையான நிலப்படம் வந்தது. கவறு, அஃதாவது தாயக்கட்டை, போரின் ஊழைக் காட்ட வந்தது. இரு திறத்தார்க்கும் இடையே நடுவர் ஒருவர் அமர்ந்தார். பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவராயிருந்த மூப்ளிங், முதலில் ஐயத்தோடு நோக்கி, ஆட்டம் முதிர முதிர, இது விளையாட்டன்று, போர்ப்பயிற்சியே என்னும் கருத்தினரானார். 1870–71ஆம் ஆண்டுப் போரிற் பிரஷ்யா பிரான்சை வென்றபின் ஏனைய நாட்டுப் படைகளும் இதனை நாடின.

படைத்தலைவரின் கருவியாயிருந்த இவ்வாட்டத்தை இல்லங்களுக்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் ஆவார். 1913இல் வெளிவந்த அவரது 'சிறு போர்கள்' என்னும் நூல், காரீய வீரரையும் சுருள்வில்லால் எறியும் பொம்மைப் பீரங்கியையும் கொண்டு ஆடும் முறையை விளக்கிற்று. காலாள் ஓர் அடித் தூரமும் குதிரைவீரன் ஈரடித் தூரமும் நகர்வர்; கைகலப்பில் ஆளுக்கு ஆள் மடிவர். வெல்சின் படையில் ஒரு காலாளும் மற்றொரு காலாளும் நிகரே. ஆதலின், தேர்ந்த படை என்ற பேச்சுக்கு ஆங்கு இடமிருக்கவில்லை.

அவ்விடம் பிற்காலத்தில் ஏற்பட்டது. 1960களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பண்டைக்காலப் போர்களை மேசையில் ஆடுவோர் பெருகினர். ஸ்பாட்டா வீரனையும் பாரசீகக் குடிபடையாளனையும் நிகராகக் கொள்ளுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. 1969இல் தோன்றிய இங்கிலாந்தின் போர்விளையாட்டு ஆய்வுக் குழுவினர், படைக்கலம், கவசம், பயிற்சி, மனவுறுதி ஆகியவற்றால் வீரரைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் புள்ளிவிலை வகுத்தனர். இரு திறத்தாரும் ஒரே தொகைப் புள்ளிகளைப் பெற்றுத் தத்தம் படையைத் தாமே வாங்கியமைப்பர். 1983இல் வெளிவந்த 'வார்ஹாமர்' முதலிய கற்பனைப் போர்விளையாட்டுக்களும் இப்புள்ளிமுறையையே கைக்கொண்டன. எனவே, போட்டியில் இறங்குவோன் முதலிற் செய்யவேண்டியது போரன்று, கொள்முதல்.

சென்ற தவணையில் எமது வரலாற்று வகுப்பு மாணவர் மட்டைத் துண்டுகளையும் இரு கவறுகளையும் கொண்டு இத்தகைய ஆட்டமொன்றை ஆடினர். திறத்தார் ஒவ்வொருவர்க்கும் 400 புள்ளிகள். மேற்றர அணி ஒன்றின் விலை 20. எளிய அணி ஒன்றின் விலை 10. மேற்றர அணி எளிய அணியினும் இருமடங்கு வலிமையுடையதென விதித்தோம். ஒரு திறத்தார் தம் புள்ளிகள் அனைத்தையும் மேற்றரத்துக்கே செலவிட்டு 20 அணிகளைப் பெற்றனர். மற்றையோர் 40 எளிய அணிகளைக் கொண்டனர். விலையும் இருமடங்கு, வலியும் இருமடங்கு. ஆகவே ஆட்டம் சமனாகும் என்றே யாவரும் எதிர்பார்த்தோம். மேற்றரப் படை இருபக்கமும் வளைக்கப்பட்டு அரை மணி நேரத்துள் அழிந்தது.

இதன் காரணத்தை விளக்கியவர் லன்செஸ்ரர் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். 1914இல் எழுதி 1916இல் நூலாக்கிய வான்படை பற்றிய ஆராய்ச்சியில் அவர் ஓர் உண்மையை நிறுவினார். வெளியான நிலத்தில், ஒவ்வொருவரும் எதிரி எவரையும் தாக்கக்கூடிய நிலையிற் பொருதுமிடத்து, படையின் வலிமை தரத்தோடு நேராகவும், தொகையின் வர்க்கத்தோடும் பெருகும். எமது மாணவரின் கணக்கை இவ்விதியால் நோக்குக. 20இன் வர்க்கம் 400. தரம் இரண்டெனின் வலிமை 800. 40இன் வர்க்கம் 1,600. தரம் ஒன்றெனின் வலிமை 1,600. அஃதாவது, எளியோர் இருமடங்கு வலியுடையர். தொகையிற் பாதியானவன் சமனாக நிற்க வேண்டின் தரத்தில் நான்கு மடங்கு உயர்ந்திருத்தல் வேண்டும். ஆயின், இடுக்கமான வழியில் முன்வரிசையோடு முன்வரிசை மட்டுமே பொருதுமிடத்து வர்க்கவிதி செல்லாது. ஆங்கு இருமடங்கு தரம் இருமடங்கு தொகைக்கு ஈடு கொடுக்கும்.

இதிலிருந்து தேர்ந்த படையை அமைப்போன் கொள்ளவேண்டிய முதல் விதி பெறப்படும்: நிலத்தைக் குறுக்குக. கி. மு. 480இல் தேர்மோப்பிலேக் கணவாயில் ஸ்பாட்டாவின் 300 வீரரும், அவரோடு நின்ற சில ஆயிரம் கிரேக்கரும், பாரசீகப் பெருஞ்சேனையைத் தடுத்து நின்றமை இவ்விதியின் பயனேயாம். மலைப்பாதை வழியாக எதிரி பின்புறம் வந்தவுடன் குறுகிய நிலம் விரிந்தது, தடுப்பு முறிந்தது. வீரம் அன்றும் குறையவில்லை, கணக்கே மாறிற்று.

இரண்டாம் விதி: தேர்ந்த படையை மட்டும் வாங்காதே. கணவாய் எங்கும் கிடைப்பதன்று. வெளியான நிலத்தில் எதிரியைப் பல இடத்தில் நிறுத்திவைக்க எளிய படை வேண்டும். அவன் நின்றபின் ஓரிடத்தில் அடித்து நொறுக்கத் தேர்ந்த படை வேண்டும். கி. மு. 331இற் கோகமேலாவில் அலெக்சாந்தரிடம் 7,000 குதிரைவீரரும் 40,000 காலாட்களும் இருந்தனர் என அரியன் கூறுவர். நீள்வேற் காலாட்படையும் இடப்பக்கத்துப் பார்மேனியனின் படையும் தாரியசின் சேனையைத் தாங்கி நின்றன. அதனிடையே வெளிப்பட்ட இடைவெளியில் அலெக்சாந்தர் தம் தோழர் குதிரைப்படையைச் செலுத்தினார். பட்டறைக்கல் இன்றிச் சம்மட்டி மட்டும் என் செய்யும்?

எம் மாணவர் இரண்டாம் ஆட்டத்தில் இதனைக் கைக்கொண்டனர். 200 புள்ளிக்கு 10 மேற்றர அணிகளையும் 200 புள்ளிக்கு 20 எளிய அணிகளையும் வாங்கினர். படை 30 அணிகளாயிற்று. எளியவற்றைக் குன்றும் ஓடையுமாகிய இடங்களில் நிறுத்தி, மேற்றரம் பத்தையும் ஒருபுறம் குவித்து, எதிரியின் ஓர் அந்தத்தை மட்டும் தாக்கினர். அவ்வொரு புறத்தே அவர் தொகையிலும் குறையவில்லை, தரத்திலோ உயர்ந்திருந்தனர். அவ்வாட்டத்தில் அவரே வென்றனர்.

அவர் கண்டறிந்தது கி. மு. 371இல் லூக்திராக் களத்தில் எப்பமினொண்டாஸ் கையாண்ட முறையேயாகும். கிரேக்க நாட்டில் தேர்ந்த படை எனப் பெயர் பெற்றது ஸ்பாட்டாவின் படை. அவர்கள் 12 பேருக்கு மேற்படாத ஆழத்தில் அணிவகுத்தனர். தீப்ஸ் நகரத்து எப்பமினொண்டாஸ் தம் இடப்புறத்தை 50 பேர் ஆழமாக்கினார். பெலோப்பிடாசின் தலைமையில் 300 பேர் கொண்ட புனித அணியும் அப்புறத்தே நின்றது. வலிகுறைந்த ஏனைய பகுதிகளைப் பின்தங்கச் செய்தார். ஸ்பாட்டாவின் அரசன் கிளியோம்புரோத்தசு வீழ்ந்தான். களத்தில் நின்ற ஸ்பாட்டாக் குடிமக்கள் ஏறக்குறைய 700 பேருள் 400 பேர் மாண்டனர் என ஸெனபோன் எழுதினார்.

மூன்றாம் விதி இழப்பைப் பற்றியது. பெரும்பாலான விதிநூல்களின்படி, ஒரு படை தன் அணிகளுட் குறித்த பங்கை இழந்தவுடன் முழுவதும் முறிந்ததாகக் கொள்ளப்படும். அப்பங்கு பாதியெனின், 20 அணிப்படை பத்தாம் இழப்போடு முடியும். 40 அணிப்படை இருபதாம் இழப்புவரை நிற்கும். கவற்றின் போக்கும் சிறுபடைக்கு அஞ்சத்தக்கதே. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள செயலை நான்கு முறை முயல்வோன் நான்கிலும் தோற்றல் 16இல் 1. எட்டு முறை முயல்வோன் எட்டிலும் தோற்றல் 256இல் 1. முயற்சி சிலவாக, ஊழின் கை பெரிதாகின்றது.

நான்காம் விதி காலத்தைப் பற்றியது. தேர்ந்த படையை முன்னரே செலவிடுதல் தவறு. செலவிடாமலே காத்தலும் தவறு. 1812இற் பொறொடினோக் களத்தில் நெப்போலியன் தன் காவற்படையின் முதன்மைப் பகுதியைப் போரில் இறக்கவில்லை. ரஷ்யச் சேனை தோற்றும் அழியாது பின்வாங்கிற்று. 1815 ஜூன் 18இல் வாட்டர்லூவில் மாலை வேளையில் அக்காவற்படையை ஏவினான். அது பின்னடைந்தது என்னும் செய்தியே ஏனைய படையின் மனத்தை முறித்தது. மேற்றரப் படை தோற்கும்போது தன் வலியை மட்டும் இழப்பதில்லை; தன்னை நம்பி நின்றாரின் உறுதியையும் உடன்கொண்டு செல்கின்றது.

இந்நான்கு விதிகளையும் அறிந்தவன் மேசையில் வெல்லக் கூடும். ஆயின், மேசை கூறாத ஒன்றுண்டு. வரலாற்று மாணவன் அதனைக் கேளாது விடலாகாது. புள்ளிவிலை என்பது வீரன் களத்திற் செய்வதற்கான விலை; அவனை ஆக்குவதற்கு ஆன விலையன்று. ஸ்பாட்டாச் சிறுவன் ஏழு வயதிற் பயிற்சிக்குச் சென்றான். அவன் வாழ்நாள் முழுதும் வாளேந்தும் பொருட்டு ஹெலட்டுகள் என்னும் அடிமை உழவர் நிலத்தை உழுதனர். கி. மு. 479இற் பிளாட்டேயாக் களத்துக்கு 5,000 ஸ்பாட்டாக் குடிமக்கள் சென்றனர் என்றும், ஒவ்வொருவரோடும் ஏழு ஹெலட்டுகள் சென்றனர் என்றும் ஹெரோடோட்டஸ் கூறுவர். நூற்றெட்டு ஆண்டுகளின் பின் லூக்திராவில் நின்ற குடிமக்கள் எழுநூற்றுவரே. குடியுரிமையைச் சிலரிடமே சுருக்கிய அந்நாடு, வீழ்ந்தோரின் இடத்தை நிரப்ப ஆளின்றித் தவித்தது. கி. மு. 369இல் எப்பமினொண்டாஸ் மெசேனியாவின் ஹெலட்டுகளை விடுவித்தபோது, அப்படையைத் தாங்கிய உழவும் அகன்றது. ஒரே அடியைத் தாங்காத ஸ்பாட்டா ஆட்குறைவால் அழிந்தது என்பது அரிஸ்ரோட்டிலின் முடிபு. ஆகவே, ஸ்பாட்டாவின் தோல்வி லூக்திராவில் தொடங்கிற்று எனல் பொருந்தாது. சிலரை உயர்த்துதற்குப் பலரைத் தாழ்த்திய நாளிலேயே அது தொடங்கிற்று எனலே தகும்.

இன்னுமொன்று. மேசையில் வீழ்ந்த அணி ஆட்டமுடிவில் பெட்டிக்குட் திரும்புகின்றது; மறுநாள் மீண்டும் நிற்கின்றது. உண்மைப் போர் எத்துணை மூடச்செயல் என்பதனை உணரச் சிறு போரை ஆடிப் பார்த்தலே போதும் என்னும் கருத்தை வெல்ஸ் தம் நூலின் முடிவில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. 1983 முதல் 2009 வரை போரினுள் வாழ்ந்த நாட்டினராகிய எமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. முதலாட்டம் முடிந்தபின் வீழ்ந்த மட்டைத் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "சேர், இவையளுக்கும் வீடு இருந்திருக்கும் எல்லோ?" என்று வினவினான். வகுப்பு அமைதியாயிற்று. லூக்திராவில் வீழ்ந்த நானூற்றுவரை அதுவரை ஓர் எண்ணாகவே கற்பித்து வந்தேன் என்பதை அக்கணத்தில் உணர்ந்தேன்.

போர்விளையாட்டை வகுப்பறையில் ஆடலாமா என நண்பர் சிலர் ஐயுறுவர். ஆடலாம் என்பதே எம் கருத்து. விதிகளை மாணவர் கற்பர். கணக்கும் வரலாறும் ஒன்றையொன்று தாங்குதலைக் காண்பர். ஆயின், ஆட்டம் முடிந்ததும் துண்டுகளைப் பெட்டியில் இடுமுன், இப்படையை ஆக்கியவர் யார், அதன் பொருட்டு உழுதவர் யார், மீளாதவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் ஆசிரியர் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களோடு கூடியவிடத்தே அவ்வாட்டம் வரலாற்றுக் கல்வியாகும்.