இராகலையோடு நின்ற வண்டி: மலையகத் தோட்டங்களும் இணையம் எட்டாத கல்வியும்

நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1903இல் நுவரெலியா வரையும் 1904இல் கந்தப்பளை கடந்து இராகலை வரையும் திறந்தார்கள், 1948இல் மூடினார்கள். அதற்கு வைத்த பெயர் உடப்புசல்லாவை ரயில்பாதை. பெயரில் இருந்த ஊருக்கு அது ஒருநாளும் போய்ச் சேரவில்லை. இராகலையே கடைசி நிலையம்.

டிஜிட்டல் கல்வி மலையகத்துக்கு வந்த கதையைத் தேடிப்போனால் இந்தச் சின்ன ரயில்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. திட்டத்தின் பெயரில் தோட்டம் இருக்கும். பாதை தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். மிச்சத் தூரத்தைக் கடத்தித் தந்தது யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பள்ளிக்கூடமே அப்படித்தான் வந்தது. 1907ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளைப் பற்றி முதன்முதலாகப் பேசியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பு வழங்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியது. நடைமுறையில் கிடைத்தது பிள்ளைமடுவத்தின் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ஒரு மூலை, அல்லது தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒதுக்கிய ஒரு காம்பரா. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாத்தியார். 1945இல் நாடு இலவசக் கல்வி பெற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நின்றன. தோட்டங்கள் தேசியமயமான பிறகு, 1977 முதற்கொண்டு, அரசு அவற்றைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலான இந்தத் தாமதத்தை ஒதுக்கிவிட்டு, 'இணைய வசதி இல்லாமை' என்று மட்டும் பேசுவது நோயின் கடைசி நாளை மட்டும் பார்ப்பதாகும்.

இணையம் மலைநாட்டுக்கு வந்த ஒரு வழி வானொலி என்றால் இன்றைய மாணவர் நம்பமாட்டார். கொத்மலை அணைக்கட்டினால் குடிபெயர்ந்த மக்களை மனத்தில் வைத்து, மகாவலி சமூக வானொலியின் தொடர்ச்சியாக 1989இல் கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது. நிலையம் இருந்த இடம் மாவத்துர. 1990களின் கடைசியில் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே ஓர் இணைய இணைப்பு வந்தது. கிராமங்களுக்குக் கம்பி இழுப்பது நடக்கிற காரியமில்லை என்று தெரிந்தவர்கள் எளிய வழியொன்றைக் கண்டார்கள். நேயர்கள் தங்கள் சந்தேகத்தைத் தபாலிலோ தொலைபேசியிலோ கேட்பார்கள். அறிவிப்பாளர் கணினி முன்னால் அமர்ந்து இணையத்தில் தேடுவார். விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடைத்ததை மக்கள் மொழியில் வானொலியிலேயே விளக்குவார். வைத்தியம், விவசாயம், பாடம் என எதுவும் கேள்வியாகலாம். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் இலவசமாக இணையம் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. ஓர் இணைப்பு, கேட்கும் காதுகள் ஆயிரம்! உலகெங்கும் சமூக வானொலி பற்றி எழுதியவர்கள் கொத்மலையை எடுத்துக்காட்டாகக் காட்டியதில் வியப்பில்லை.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லாமல் போகமுடியாது. ஒலிபரப்பில் மேலோங்கி இருந்தது சிங்களம். சுற்றிவரத் தமிழ்த் தோட்டங்கள். அலைவரிசை சென்ற தூரமும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். உடப்புசல்லாவை அந்த வட்டத்துக்கு அப்பால், மலைகளுக்கு மறுபக்கத்தில் இருந்தது. பின்னாளில் அதே கொத்மலைக்காரர்கள் ஒரு முச்சக்கர வண்டியில் மடிக்கணினியும் ஒலிபரப்புக் கருவியும் ஏற்றி, 'ஈ-டுக்டுக்' என்று பெயரிட்டுக் கிராமம் கிராமமாக ஓட்டினார்கள். அதுவும் நான் சொல்லவருகிற கருத்தின் பக்கமே நிற்கிறது: கம்பி போகாத இடத்துக்கு ஆள் போனார்.

2003இல் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் உலக வங்கிக் கடனோடு நாடெங்கும் 'நெனசல' கணினி, இணைய நிலையங்களைத் திறந்தது. 2014இல் அத்திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. நகரத்துக் கடைத்தெருவிலோ விகாரையிலோ கோயிலிலோ இருந்த நிலையத்துக்கு, தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளை பள்ளி விட்ட பிறகு எப்படிப் போய்வருவாள் என்ற கேள்வி மட்டும் விருதுப் பத்திரத்துக்குள் அடங்கவில்லை.

2020 மார்ச் மாதம் கொரோனாப் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தை டேட்டாச் செலவின்றிப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். ஆசிரியர்கள் பாடம் அனுப்பியதோ வாட்ஸ்அப்பில். அதற்கு டேட்டா போடவேண்டும். முந்திய ஆண்டின் அரச கணக்கெடுப்புப்படி நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவில் தோட்டம் கடைசி. 2021இல் போராடிப் பெற்ற நாட்சம்பளமே 1,000 ரூபாய். அன்றைய 'பேர்' (ஒரு நாள் வேலைக் கணக்கு) 'அரைப் பேர்' ஆகிவிட்டால் அதுவும் இல்லை. வீட்டில் இருந்தால் ஒரே போன். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோயிருப்பார். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வகுப்பு. போகிதியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னலுக்காகக் காடு கடந்து பாறை ஏறியதும், லுணுகலையில் மரத்தின் உச்சியில் பரண் கட்டிப் படித்ததும் 2021இல் உலகச் செய்தியாயின. படம் பார்த்தவர்கள் பிள்ளைகளின் விடாமுயற்சியைப் புகழ்ந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு மரமேறும் திறமை எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு.

அந்தக் காலத்தில் தோட்டப் பகுதிகளில் படிப்பைத் தாங்கிப்பிடித்தது போட்டோ கொப்பி. வினாத்தாள்களை அச்சிட்டு, சந்திக் கடையிலோ லயத்து இஸ்தோப்பிலோ கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் திரும்ப வாங்கித் திருத்திய ஆசிரியர்கள் ஏராளம். கொத்மலை அறிவிப்பாளர் செய்த அதே வேலையைத்தான் அவர்கள் காகிதத்தில் செய்தார்கள்.

இந்த வேலைக்கு ஏற்ற கருவிகளும் இப்போது இருக்கின்றன. விக்கிப்பீடியாவை முழுதாக ஒரு கோப்பாக்கி, இணையமின்றி வாசிக்க உதவும் 'கிவிக்ஸ்' 2007இல் பிறந்தது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில் கிடைக்கிறது. பாடங்களையும் காணொளிகளையும் ஒரு சிறு கணினியில் அடுக்கி வைக்கும் 'கொலிப்ரி' 2017இல் வந்தது. உள்ளங்கையளவு கணினி, ஒரு ரவுட்டர், ஒரு நினைவகம் சேர்ந்த ஒரு பெட்டி இருந்தால் போதும். வகுப்பறைக்குள் இருக்கும் போன்களெல்லாம் டேட்டா இல்லாமலே அதோடு இணையும். கியூபாவில் வாராவாரம் ஒரு வன்தட்டை வீடு வீடாகக் கைமாற்றியே ஒரு நாடு இணையத்தைப் பார்த்தது.

பெட்டிக்குள்ளே போட என்ன இருக்கிறது? கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் மலையக எழுத்துகளும் சேர்ந்திருக்கின்றன. விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் விளக்கும் காணொளிகளைத்தான் புதிதாகச் செய்யவேண்டும். அவற்றை ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கினால் பெட்டி பூசைப் பொருளாகிவிடும்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. செயற்கைக்கோள் மலை மறைப்பையெல்லாம் தாண்டும்; மாதக் கட்டணத்தைத் தாண்டுவது லயத்துக் குடும்பத்தால் ஆகாது. கட்டணம் குறையும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. ஆசிரிய ஆலோசகர்கள் பாடசாலைகளுக்கு மேற்பார்வைக்குப் போவது ஏற்கனவே நடக்கிற காரியம். இராகலைப் பக்கத்து வலப்பனைக் கல்வி வலயம் அவர்களுடைய பையில் ஒரு வன்தட்டைப் போட்டு, மாதம் ஒருமுறை பெட்டியைப் புதுப்பிக்கச் சொல்லட்டும். இராகலைக்கு அப்பால் உள்ள பாதையில் அவர்கள் எப்படியும் வருகிறார்கள்.