சித்திரமும் படமும்: ஓவியம் சிலையாகுங்கால் எழும் சொற்சிக்கல்

1960 ஏப்ரல் 1 அன்று செங்கற்பட்டு மாவட்டத்தினின்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற்கு மாறிய சத்தியவேடு, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் இத்தகைய எல்லைப் பகுதியில் உருவம் பற்றிய சொற்கள் மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்கின்றன. தெலுங்கில் 'பொம்ம' என்பது வரைந்த உருவத்தையும் குறிக்கும்; வடித்த உருவத்தையும் குறிக்கும். நவராத்திரிக் கொலு 'பொம்மல கொலுவு'. நாணயத்தின் தலைப்பக்கமும் 'பொம்ம'யே. தமிழிலோ பொம்மை பருவுருவுக்கே உரியது. தாளில் வரைந்தது படம்.

சிற்ப நூல்களின் வழக்கு இவ்விரண்டினும் வேறானது. உறுப்பெல்லாம் முழுமையாகத் தோன்றும் சிலையே அவற்றில் 'சித்திரம்'. பாதி தோன்றுவது 'அர்த்தசித்திரம்'. சுவரிலோ துணியிலோ எழுதுவது 'சித்திராபாசம்', அதாவது சித்திரம் போலத் தோன்றுவது. சிலையே மூலம், ஓவியம் அதன் சாயல் என்பது இதன் கருத்து. பிற்காலத் தமிழில் சித்திரம் ஓவியத்திற்கே பெயராகிவிட்டமை நோக்கத்தக்கது.

திருவள்ளுவர் உருவ வரலாற்றில் இச்சிக்கல் தெளிவாகப் புலப்படும். கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த ஓவியம் 1964இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பெற்றது. அதில் வள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 2000 சனவரி 1 அன்று குமரிமுனையில் திறக்கப்பெற்ற வை. கணபதி ஸ்தபதியின் கற்சிலையிலோ அவர் இடை சற்றே வளைய நிற்கிறார். பீடம் 38 அடி, உருவம் 95 அடி, ஆக 133 அடி. அறத்துப்பால் அதிகாரங்களும் குறளின் மொத்த அதிகாரங்களும் இவ்வளவுகளாயின. தாடியும் முடிந்த கொண்டையும் சர்மாவின் முகத்தை நினைவூட்டுகின்றன. ஆயின் ஓவியம் காட்டாத முதுகையும் பக்கங்களையும் ஓவியத்தினின்று பெறுதல் இயலாது. அவற்றைத் தருவன தாலக் கணக்கும் பிரம்ம சூத்திரம் முதலாய நேர்கோடுகளுமே. எனவே இதனைப் பெயர்ப்பு என்பதினும் மறுபடைப்பு என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

புகைப்படம் இச்சிலையை மீண்டும் தட்டையாக்குகிறது. படகிலிருந்து எடுத்த படத்தில் அண்ணாந்து நோக்கும் கோணமும் மூன்று விரல்களும் எஞ்சும். முதுகு மறுபடியும் மறையும். சர்மாவின் ஓவியமும் இப்புகைப்படமும் பாடநூலில் 'திருவள்ளுவர் படம்' என்னும் ஒரே தலைப்பைப் பெறக்கூடும். தெலுங்கினின்று 'திருவள்ளுவர் பொம்ம' என்பதைத் தமிழாக்குவோர், பக்கத்திலுள்ள உருவம் அமர்ந்துள்ளதா நிற்கிறதா என்று பார்த்த பின்னரே ஓவியம், சிலை, புகைப்படம் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.