சுருள்பாசியும் நியூக்ளிக் அமிலமும்

பொன்னமராவதியிலிருந்து காரைக்குடி தாண்டினால் பள்ளத்தூர். அவ்வூர் முருகப்பா குடும்பத்தின் பெயரில் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி மையத்தில், 1980-களில் சி.வி.சேஷாத்ரி சுருள்பாசி வளர்ப்பைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக உழைத்தார்.

பாசியில் புரதம் ஏறத்தாழ 60 சதவீதம். கூடவே நியூக்ளிக் அமிலமும் உண்டு, அங்குதான் சிக்கல். மனித உடலில் அது யூரிக் அமிலமாகும், மிஞ்சினால் மூட்டுவலி. எனவே 1970-களில் ஐ.நா. புரத ஆலோசனைக் குழு, ஒற்றைச்செல் உணவிலிருந்து நாளைக்கு 2 கிராமுக்கு மேல் கூடாது என்றது.

மாட்டுக்கும் பன்றிக்கும் யூரிகேஸ் நொதி இருப்பதால், யூரிக் அமிலத்தை அலன்டாயினாக்கி வெளியேற்றிவிடும். நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை! மனிதனுக்கு அளவு கட்டிய அதே பொருளைப் பிரித்து, நொதியால் உடைத்து, பால் மறந்த பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் ஈஸ்ட்டிலிருந்துதான் வருகிறது. பாசி இன்னும் வரிசையில் நிற்கிறது.