4,29,49,67,297 (ஐந்தாம் பெர்மா எண்)

நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என வாசிக்கப்படும் இவ்வெண், 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்ட வருவது; 641, 67,00,417 என்னும் இரு பகா எண்களின் பெருக்குத்தொகை.

பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே கணித சாஸ்திரத்தில் ஈடுபட்டிருந்த பியேர் டி பெர்மா, 2-ஐ மேன்மேலும் வர்க்கம் செய்து ஒன்றைக் கூட்டக் கிடைக்கும் 3, 5, 17, 257, 65,537 ஆகியவை பகா எண்களாயிருக்கக் கண்டு, இவ்வரிசையில் வருவன யாவுமே அத்தகையன என்னும் அபிப்பிராயத்தை 1640-இல் கடிதங்களில் வெளியிட்டார். நிரூபணம் கைவரவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். வரிசையைச் சுழியிலிருந்து எண்ணும் மரபினால், அடுத்து நிற்கும் நம் எண் ஐந்தாவதாகிறது. 1729 டிசம்பரில் கணித அறிஞர் கோல்ட்பாக் இவ்விஷயத்தைக் கடிதத்தில் கிளப்ப, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த கணித மேதை ஆய்லர், தொடக்கத்தில் சிரத்தை கொள்ளாதவராயினும், 1732-இல் 641 இதனை மீதியின்றி வகுப்பதைக் காட்டினார்.

இதன் பகாக் காரணி எதுவாயினும் 64-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது ஆய்லரின் விதி. அதன் நிரூபணம் பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்ததெனினும், அப்பொழுதே அவர் அதை அறிந்திருந்தார் என்று கொள்வதே பொருந்தும்; ஏனெனில், விதிக்கு உட்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றே தொடங்குகின்றன. இவற்றுள் 257-ஐச் சோதிக்கவும் வேண்டுவதில்லை: முந்தைய ஐந்து பெர்மா எண்களையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் நம் எண் வருமாதலால், அவற்றுள் எதுவும் இதனை வகுக்காது. ஆக, நான்கே வகுத்தல்கள்! விதிக்கு மூலமான சிறு தேற்றத்தைக் கண்டவரே பெர்மாதான் என்பதை நினைக்கையில், அவர் இதைச் செய்யாது விட்டது வியப்புக்குரியதே.

வகுத்துப் பாராமலும் இதை நிறுவலாம். 641 என்பது 5×128+1, 625+16-உம் அதுவே. எனவே 641-ஆல் வகுக்குமிடத்து 5×128 என்பது −1-க்கு ஈடாகும். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்த, 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை 1-க்கு ஈடாகும். 625-க்கு ஈடான −16-ஐ அவ்விடத்தில் இட, 2-இன் 32-ஆம் அடுக்கு −1-க்கு ஈடாகிறது.

இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இவ்வெண்ணை இரு விதமாக எழுதலாம்: 65,536-இன் வர்க்கமும் 1-உம் ஒன்று, 62,264, 20,449 ஆகியவற்றின் வர்க்கங்கள் மற்றொன்று. பிந்தியதில் வரும் 20,449 தானும் 143-இன் வர்க்கமாயிருப்பது ரசிக்கத்தக்கது. பகா எண்ணாயின் ஒரே விதந்தான் அமையும். ஆகவே 641-ஐத் தேடாமலே பகு எண்ணென்று தீர்மானிக்க இதுவும் ஒரு மார்க்கம். ஆயினும், 2-ஐ அடியாகக் கொண்ட பெர்மா சோதனையில் இவ்வெண் பகா எண்போலவே நடித்துத் தேறிவிடுகிறது.

வரிசையின் 6 முதல் 32 வரையுள்ள எண்களும் பகு எண்களே எனப் பிற்காலத்தில் அறியப்பட்டது. 33-ஆவது இன்னும் தீரவில்லை.