காம்பியாவின் முன் நிற்கும் 'தி': 1964ஆம் ஆண்டுக் கடிதம் பற்றிய மறுவாசிப்பு

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவை ஆங்கிலத்தில் 'தி காம்பியா' என்றே எழுத வேண்டும் என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. அந்தத் 'தி' எப்படி நிலைபெற்றது என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. பிரிட்டிஷ் அரசுப் பயன்பாட்டுக்கான புவியியல் பெயர்களின் நிலைக்குழு இது குறித்து ஒரு விளக்கம் தந்திருக்கிறது. 1964 மே மாதம் காம்பியப் பிரதமர் தரப்பிலிருந்து அக்குழுவுக்கு ஒரு கடிதம் சென்றது. நாட்டின் பெயரில் 'தி'யைத் தக்கவைத்துக்கொள்ளும்படி அது கேட்டது. உலகுக்கு அப்போது புதிதாயிருந்த ஜாம்பியா என்ற பெயரோடு குழப்பம் நேரும் என்பது அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தக் குறிப்பை எடுத்தாள்பவர்கள் 'காரணங்களில் ஒன்று' என்பதை நழுவவிட்டு, ஜாம்பியாவால்தான் 'தி' வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். குழுவின் குறிப்பும் மற்றக் காரணங்களைப் பேசாமல் இதை மட்டும் முன்னிறுத்தி அதற்கு வழிவிட்டிருக்கிறது. இந்த வாசிப்பு ஏற்கத்தக்கதன்று.

கடிதத்தின் கோரிக்கையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 'தி'யைச் சேர்க்கும்படி அது கேட்கவில்லை, வைத்துக்கொள்ளும்படியே கேட்டது. அப்படியானால் 'தி' அதற்கு முன்பே வழக்கில் இருந்திருக்கிறது. காலக்கணக்கும் கவனிக்க வேண்டியது. 1964 மே மாதத்தில் ஜாம்பியா என்றொரு நாடு சட்டப்படி இல்லை. வடக்கு ரொடீசியா அந்தப் பெயரோடு விடுதலை பெற்றது அக்டோபர் 24 அன்றுதான். இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: கென்னத் கவுண்டா 1958இல் தொடங்கிய கட்சியின் பெயரிலேயே 'ஜாம்பியா' இருந்தது, விடுதலைக்கான லண்டன் மாநாடும் அதே மே மாதத்தில்தான் நடந்தது. மறுப்பு வலுவானதே. அந்த மாநாட்டுச் செய்திதான் கடிதத்தைத் தூண்டியதா என்பதைத் தீர்மானிக்க வழியில்லை, ஏனெனில் நிலைக்குழுவின் குறிப்பு மாதத்தை மட்டுமே தருகிறது, நாளைத் தரவில்லை. தூண்டியது என்றே வைத்துக்கொண்டாலும், ஏற்கெனவே இருந்த வழக்கைக் காத்துக்கொள்ள அது ஒரு சாக்காக அமைந்தது என்பதற்கு மேல் எதுவும் நிறுவப்படுவதில்லை.

வழக்கின் வேர் ஆற்றில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆற்றுப் பெயர்கள் 'தி'யோடுதான் வரும். 1623இல் அச்சான ரிச்சர்ட் ஜாப்சனின் பயண நூலுடைய தலைப்பிலேயே இந்த ஆறு 'காம்ப்ரா' என்ற வடிவில் காணப்படுகிறது. எழுத்துக்கூட்டு நிலைபெறாத அந்தக் காலத்தில் பெயர் சுட்டியது ஆற்றை. நாடு என்று ஒன்று அப்போது இல்லை. பின்னர் உருவான நாடும் ஆற்றைவிட்டு விலகவில்லை. 1889ஆம் ஆண்டு ஆங்கில-பிரெஞ்சு உடன்பாடு ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் எல்லையை வகுத்தது. ஆற்றின் வளைவுகளுக்கு ஏற்ப வளைந்து செல்லும் எல்லை அது. மிக அகலமான இடத்திலும் நாடு 50 கிலோமீட்டர் அளவைத் தாண்டாது. ஜாம்பியாவும் ஆற்றால் பெயர் பெற்றதுதான். ஆனால் அது ஜாம்பேசியிலிருந்து நிலத்துக்கென்று புதிதாக ஆக்கிய பெயர். காம்பியாவோ ஆற்றின் பெயரையே அப்படியே தாங்கி நிற்கிறது. ஒன்றுக்குத் 'தி' ஒட்டாததும் மற்றொன்றுக்கு ஒட்டியதும் இதனால்தான் என்று கருத இடமிருக்கிறது.

இந்த விளக்கம் மட்டும் போதுமா என்றால், போதாது. செனகலும் நைஜரும் ஆற்றின் பெயர்களே. ஆறாக வரும்போது 'தி' பெறும் அவை, நாடாக வரும்போது அதை விட்டுவிடுகின்றன. அவை பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள், ஆங்கில நிர்வாகத்தில் அன்றாடம் புழங்கிய பெயர்கள் அல்ல என்று பதில் சொல்லலாம். அது பாதிப் பதில்தான். காம்பியாவுக்குள்ளேயே சான்றுகள் முரண்படுகின்றன. 1869இல் வெளிவந்த முதல் அஞ்சல்தலையில் விக்டோரியாவின் தலையுருவோடு 'காம்பியா' என்ற சொல் மட்டும் தனித்து நிற்கிறது. ஜே. எம். கிரே 1940இல் வெளியிட்ட வரலாற்று நூலின் தலைப்போ 'தி'யோடு வருகிறது. ஆக, காலனிக் காலம் முழுவதும் 'தி' வாக்கியத்துக்கு வந்து, தனிப்பெயராகப் பொறிக்கும்போது உதிரக்கூடியதாக இருந்திருக்கிறது. அதை உதிராத உறுப்பாக ஆக்கியது 1964இன் அரசியல் முடிவு. இலக்கணம் கொடுத்ததை அரசு தனதாக்கிக்கொண்டது என்பதே என் வாதம்.

'தி' காலனியத்தின் மிச்சம், உக்ரைன் கைவிடச் சொன்னதுபோல இதையும் கைவிட வேண்டும் என்போர் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள். உக்ரைனில் 'தி' வேண்டாம் என்றது அந்த நாடு. இங்கே வேண்டும் என்று கேட்டதும் அந்த நாடுதான். பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பாதர்ஸ்ட் தலைநகரை 1973இல் பாஞ்சுல் ஆக்கியவர்கள், 'தி'யைத் தொடவில்லை. 2015 டிசம்பரில் யாயா ஜாமே நாட்டை இஸ்லாமியக் குடியரசு என்று அறிவித்தார். 2017 ஜனவரியில் அதாமா பாரோ அதை நீக்கினார். இரண்டு மாற்றங்களையும் தாண்டி 'தி' நின்றது. ரோஹிங்கியா மக்களுக்காக 2019 நவம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த இனப்படுகொலை வழக்கின் தலைப்பிலும் மியான்மருக்கு எதிரே நிற்கும் பெயர் 'தி காம்பியா'தான். எனவே ஆங்கிலத்தில் எழுதும் நம் ஆய்வாளர்கள் நாட்டைக் குறிக்கும்போது, வாக்கியத்தின் நடுவிலும் 'தி'யின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகவே இடுவது முறை. ஆற்றைக் குறிக்கும்போது சிறிய எழுத்து போதும். அகரவரிசையில் இரண்டையும் காம்பியாவின் முதலெழுத்தின் கீழேயே தேட வேண்டும்.