டெல்லியின் ஆலோசகர்களும் கோட்டைப்பட்டினக் கரையும்

பட்ஜெட்டையொட்டி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் பொருளாதார ஆய்வறிக்கை வைக்கப்படுகிறது. அதை எழுதுவது நிதியமைச்சகத்தில் இருக்கும் தலைமைப் பொருளாதார ஆலோசகரின் அலுவலகம். அந்த அலுவலகத்துக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. கணக்குப் பார்த்து, நிலவரம் இது, இதைச் செய்தால் இன்னது நேரும் என்று அமைச்சரிடம் சொல்வதுதான் வேலை. டீசல் விலை, இறால் ஏற்றுமதி, படகுக் கடனின் வட்டி என்று நம் கோட்டைப்பட்டினக் கரையின் பிழைப்பை ஆட்டிவைக்கும் பலவும் அந்தக் கணக்கில் அடக்கம். அதனால்தான் அதன் வரலாற்றை இந்த மலரில் எழுத விரும்பினேன்.

அந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் விசாரித்து எழுதி வரச் சொன்னார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது என்றெல்லாம் வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். அந்த அறிக்கைகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சை பாலக்குறிச்சி, ராமநாதபுரம் வடமலாபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அப்படித்தான் பொருளியல் வரலாற்றில் ஏறின.

ஸ்லேட்டருக்குப் பின் அந்தத் துறைக்கு வந்த பி.ஜே. தாமஸ், கேரளத்துக் குறவிலங்காட்டுக்காரர். 1936-37-இல் அதே ஊர்களுக்கு மறுபடி ஆட்களை அனுப்பினார். இருபது ஆண்டுகளில் நிலம் யார் கைக்கு மாறியது, கடன் ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கே.சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து அவர் தொகுத்த மறு ஆய்வு 1940-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டில், 1942-இல், அவர் டெல்லிக்குப் பொருளாதார ஆலோசகராகப் போனார். அதற்கு முன்பே, 1938-இல், லண்டன் பேராசிரியர் தியோடர் கிரிகரி ஆலோசகராக அமர்த்தப்பட்டிருந்தார். கிரிகரி நாணயம், வங்கி இவற்றில் பெரிய அறிஞர். தாமஸிடம் இருந்தது வேறு வகை அறிவு: ஒரு குடியானவன் வீட்டுக் கடன் எப்படிப் பெருகுகிறது என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆலோசனை என்கிற தொழிலுக்கு இந்த இரண்டாவது அறிவு இன்றியமையாதது என்பது என் உறுதியான எண்ணம்.

சுதந்திரத்துக்குப் பின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராயப் பொருளாதார அறிஞர்களின் குழு ஒன்று 1955-இல் கூடியது. அதில் தனியொருவராக மறுப்புக் குறிப்பு எழுதியவர் பி.ஆர். ஷெனாய். நாட்டின் சேமிப்பு தாங்காத அளவுக்குத் திட்டம் பெரிது, பற்றாக்குறைப் பணத்தை நம்பினால் விலைவாசி ஏறும் என்றார். ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. அவருடைய எல்லா முடிவுகளோடும் நான் உடன்படுகிறவன் அல்லன். ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது தன் கணக்கை மாற்றாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தத் தாளுக்கு பொருளாதார ஆலோசனையின் வரலாற்றில் உயர்ந்த இடம் உண்டு.

அரியலூரில் 1932-இல் பிறந்த சி. ரங்கராஜனை நம் பக்கத்துப் பிள்ளை என்றே சொல்லலாம். 1991 ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு இரு படிகளாகக் குறைக்கப்பட்டபோது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக அந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் அவர் ஒருவர். பின்னர் ஆளுநரானார், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்கும் தலைமை வகித்தார். ரூபாய் இறங்கினால் இறாலுக்கு வரும் டாலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். முதலில் அது ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்கில் விழும். அதில் எவ்வளவு ஏலக் கரைக்கு வந்து சேரும், டீசல் விலை ஏற்றம் அதில் எவ்வளவைத் தின்னும் என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தலைமைப் பொருளாதார ஆலோசகர் நாற்காலியில் அண்மைக் காலத்தில் தமிழர்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். ரகுராம் ராஜன், சென்னையில் பிறந்த அரவிந்த் சுப்பிரமணியன், 2022 ஜனவரியில் பொறுப்பேற்ற, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த வி. அனந்த நாகேஸ்வரன். பெருமைதான். அந்த நாற்காலிக்கு நம் கரை எப்படித் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

2017-இல் பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. 2,000 படகுகள், ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், மொத்தம் 1,600 கோடி. பாதியை மத்திய அரசும் 20 சதவீதத்தை மாநில அரசும் தரும். 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் பங்கு. இலங்கைக் கடற்படையிடம் நம் பிள்ளைகள் சிக்காமல் இருக்க வழி தேடிய நல்ல நோக்கம் அது. ஆனால் இங்கே டோக்கன் வாங்கி வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகிறவர் ஒரு ராத்திரி தொழில் பார்த்து மறுநாள் கரை திரும்புகிறார். சூரைத் தொழில் என்றால் கோடியக்கரையைச் சுற்றி வெளிக்கடலுக்குப் போய் நாள் கணக்கில் தங்க வேண்டும். வலை வேறு, ஐஸ் கணக்கு வேறு, ஆள் கூலி வேறு, விற்கிற துறைமுகமும் வேறு. இலக்குக்கு வெகு தொலைவிலேயே திட்டம் நின்றது.

டெல்லிக்குப் போகும் மீன் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். 1947-இல் தொடங்கப்பட்டு, கொச்சிக்கு மாறுவதற்கு முன் நம் பக்கத்து மண்டபத்தில் தலைமையகம் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம்தான் அந்த முறையை வகுத்தது. அதன் பணியாளர் விடிகாலையில் இறங்குதளத்துக்கு வருவார். வந்த படகுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இறால் இத்தனை, நண்டு இத்தனை, கணவாய் இத்தனை, சங்காயம் இத்தனை என்று குறித்துக்கொள்வார். அந்த மாதிரிக் கணக்கை விரித்துத்தான் மாநிலத்தின் பிடிப்பு மதிப்பிடப்படுகிறது. மிக நேர்த்தியான வேலை அது. ஆனால் அந்தப் படகின் டீசலுக்கு யாவாரி கொடுத்த முன்பணம் எவ்வளவு, அதற்காக மீனை அவரிடமே என்ன விலைக்குப் போட வேண்டியிருந்தது, 61 நாள் தடைக்காலத்தில் எந்த நகை அடகுக்குப் போனது என்பதெல்லாம் மீன் எடையை எழுதும் குறிப்பேட்டில் வராது.

ஸ்லேட்டரின் அந்த ஐந்து ஊர்களும் உழவூர்கள். நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஆண்டுத் தடைக்காலத்தில், படகுகள் கட்டிக் கிடக்கும் நாட்களில், கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் வீடு வீடாகப் போய் அப்படி ஓர் ஆய்வைச் செய்ய வேண்டும். படகு யார் பெயரில், பங்கு எத்தனை, முன்பணம் யாரிடம், வட்டி என்ன, நாட்டுப்படகுக்காரர் வலை அறுந்தால் யார் ஈடு தருகிறார், மீன் உலர்த்தும் பெண்களுக்கு நாளொன்றுக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்கட்டும், ஒரு பிரதி மீன்துறை அலுவலகத்துக்குப் போகட்டும், மற்றொன்றை நிதியமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பத்து ஆண்டு கழித்து உங்களுக்கு இளையவர்கள் அதே கேள்விகளோடு அதே வீடுகளுக்குப் போகட்டும்.